ஆனந்தனின் ஐந்நூறு ஏர்கள்

வந்தவாசி வட்டம்,
தசலட்சணம், நாலாம் நாள்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாட்டிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. அப்படியும் காலை அபிஷேகத்துக்கு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அதிலேயே பதில் எழுதப் பார்த்தேன். என் விரலுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒத்துவரவில்லை. நாலு வரியில் முடிகிற சங்கதியும் இல்லை இது. தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டேன். கையெழுத்து புரியாத இடத்தில் உங்க அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுக்கொள்.

உன் விடுதித் தோழி கேட்டது இதுதானே: "உங்க வீட்ல உழவு பண்றீங்களா? அப்புறம் எப்படி நீங்க ஜெயின்?" நீ சிரித்து மழுப்பிவிட்டு வந்து, "தாத்தா, நாம நிஜமாவே ஜைனர்தானா, இல்ல பேருக்குத்தானா?" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். தோழி கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. மண்ணைக் கீறினால் புழு சாகும், அதனால் ஜைனன் கடைதான் வைப்பான், ஏர் பிடிக்க மாட்டான் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய காலத்தில் என்கூட வேலை பார்த்த வாத்தியார்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். "நயினாரே, சேட்டு ஜெயின் தெரியும், அதென்ன கழனி ஜெயின்?" என்பார் ஒருவர். நீ கேட்டதுதான் எனக்கு உறைத்தது. அதற்காகத்தான் இவ்வளவு தாள்.

தோழியின் கேள்விக்கு அவள் வீட்டு ஆகமத்திலேயே பதில் இருக்கிறது. உபாசகதசை என்று ஒரு நூல், சுவேதாம்பரரின் அங்க ஆகமங்களில் ஒன்று. நம் திகம்பர மரபு அந்த ஆகமங்களை ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அது மகாவீரர் வாக்கு. அதில் மகாவீரரிடம் விரதம் ஏற்ற பத்து இல்லறத்தார் கதை வருகிறது. முதல் கதை ஆனந்தன் என்ற செல்வனுடையது. வைசாலிக்குப் பக்கத்தில் வாணியகிராமத்துக்காரன். மகாவீரர் முன்னால் நின்று, இதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று அவன் ஒவ்வொன்றாக வரம்பு கட்டிக்கொள்கிறான். மாடு இவ்வளவு, வண்டி இவ்வளவு, பல் துலக்கும் குச்சி இன்ன வகை என்று பட்டியல் நீளமாகப் போகும். மாடு நாற்பதாயிரம், பத்தாயிரமாக நாலு மந்தை. நிலம் ஐந்நூறு ஏர் உழுகிற அளவு. வாணியகிராமத்தில் ஐந்நூறு ஏர் வைத்திருந்தவனை மகாவீரர் உழவை விடு என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் மரபில் இல்லறத்தான் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முதல் எடுத்துக்காட்டே அந்த ஆனந்தன்தான். நம் வீட்டில் ஒரு காலத்தில் ரெண்டு ஏர் இருந்தது. இப்போது டிராக்டர் வாடகைக்கு வருகிறது.

தோழி சொல்வதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. இல்லறத்தான் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்கள் என்று ஒரு பட்டியல் அதே உபாசகதசையில் வருகிறது. கரி சுடுவது, காட்டை வெட்டி விற்பது, தந்தம் விற்பது, விஷம் விற்பது, காட்டுக்குத் தீ வைப்பது, ஏரியை வற்றவைப்பது எல்லாம் அதில் உண்டு. பூமியைப் பிளக்கும் தொழில் என்றும் ஒன்று உண்டு. அதற்கு உரை சொன்னவர்கள் கிணறு தோண்டுவது, கல் உடைப்பதோடு உழவையும் சேர்த்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் ஹேமசந்திரர் எழுதிய யோகசாஸ்திரத்திலும் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம். ஆக ஒரே மரபில் ஐந்நூறு ஏர் ஆனந்தனும் இருக்கிறான், உழவு ஆகாது என்ற பட்டியலும் இருக்கிறது. வணிகக் குடும்பங்கள் பெருகிய இடத்தில் பட்டியல் நின்றது. ஏர் பிடித்தவர்கள் இருந்த இடத்தில் வேறு ஒன்று நின்றது. நம் பக்கத்துக் கதை அந்த வேறு ஒன்றுதான்.

நம் ஆதிநாதராகிய விருஷப தேவர் கதை உனக்குத் தெரியும். கேட்ட கதைதான் என்று இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதே. கற்பக மரங்கள் வற்றிப்போய், மனிதர்கள் பசியோடு விருஷப தேவரிடம் வந்து நின்றபோது அவர் ஆறு பிழைப்பு கற்றுக்கொடுத்தார் என்று ஜினசேனர் ஆதிபுராணத்தில் எழுதுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டு நூல் அது. நம் ஸ்ரீபுராணம் அந்த வழியில் வந்ததுதான். வாள், எழுத்து, உழவு, கலை, வாணிபம், கைத்தொழில் என்று ஆறு. வாணிபம் இருக்கிற அதே வரிசையில்தான் உழவும் இருக்கிறது, கற்றுக்கொடுத்தவரும் முதல் தீர்த்தங்கரர். கரும்பைப் பிழிந்து சாறெடுக்கச் சொல்லிக்கொடுத்ததால்தான் அவர் குலத்துக்கு இட்சுவாகு என்று பெயர் வந்தது என்பார்கள். துறவு பூண்ட பிறகு அவருக்கு மாதக்கணக்கில் உணவு கிடைக்கவில்லை. முனிவருக்கு எப்படி ஆகாரம் கொடுப்பது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், ரத்தினத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடைசியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாற்றைக் கையில் வார்த்தான். அந்த நாள்தான் அட்சய திருதியை. நீ படிக்கிற ஊரில் வருஷம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருப்பவர்கள் அன்றைக்குக் கரும்புச் சாறு குடித்துத்தான் விரதத்தை முடிப்பார்கள், பார்த்திருப்பாய். இங்கே வந்தவாசி கடைத்தெருவில் அன்றைக்கு நகைக்கடை வாசலில் வரிசை நிற்கிறது. நம் ஆட்களும் நிற்கிறார்கள். அதை விடு.

அடுத்து, இம்சை என்றால் எது? நம் பெரியவர்கள் அதை நாலாகப் பிரித்தார்கள். கொல்ல வேண்டும் என்று நினைத்தே செய்வது சங்கல்ப இம்சை. அடுப்பு மூட்டுவது, வீடு பெருக்குவது, குளிப்பது என்று வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன் மக்களையும் காக்க எதிர்த்து நிற்கும்போது நேர்வது விரோத இம்சை. முனிவர் நாலையும் விட வேண்டும். அதனால்தான் அவருக்கு அடுப்பு இல்லை, வீடு இல்லை, மயிற்பீலியும் கமண்டலமும்தான் சொத்து. இல்லறத்தான் முதலாவதை அடியோடு விட வேண்டும், மற்ற மூன்றையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். அவருடையது மகாவிரதம், நம்முடையது அணுவிரதம். நம் விரதத்தை அவர் விரதத்தோடு வைத்து அளந்தால் கடைக்காரனும் தேறமாட்டான், உழவனும் தேறமாட்டான்.

இதை எனக்குத் தெரிந்து யாரும் சோமதேவ சூரியைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. 959-இல் யசஸ்திலகம் என்று ஒரு சம்பு காவியத்தை முடித்தவர். யசோதரன் கதை, மாவினால் செய்த கோழியைப் பலி கொடுத்தானே, அதே கதை. நம் தமிழிலும் யசோதர காவியம் உண்டு. மாவுக்கோழிதானே, உயிர் இல்லையே என்று விட முடியாது; கொல்லும் நினைப்பு இருந்ததால் வினை வந்து ஒட்டி, பிறவி பிறவியாகத் துரத்துகிறது. அந்தக் கதை எழுதியவர்தான் ஓரிடத்தில் செம்படவனையும் உழவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். வலையோடு கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அன்றைக்கு ஒரு மீனும் சிக்கவில்லை என்றாலும் அவன் நினைப்பு முழுக்கக் கொலையில் இருக்கிறது. உழுகிறவன் கால் கீழே எத்தனையோ சாகிறது, நினைப்பு விளைச்சலில் இருக்கிறது. பாவம் நினைப்பைப் பொறுத்தது என்கிறார். செம்படவர் தெருப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியவன் நான், அந்த உவமை எனக்கு முழுதாக உவப்பில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வலை வீசுகிறவனை அவ்வளவு எளிதாக எடைபோட்டுவிட முடியாது. ஆனால் அவர் உழவனைப் பற்றிச் சொன்னது நமக்கு வேண்டும்.

இங்கேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நினைப்பு நல்லதாக இருந்தால் போதும் என்று எதையும் செய்துவிட்டுக் கை கழுவலாமே? முடியாது என்பதற்குப் பாட்டியின் ஜெபமாலையே சாட்சி. அதில் 108 மணி ஏன் என்று நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டாய். பெரியவளானதும் சொல்கிறேன் என்றேன். இப்போது கணக்கைப் பார். ஒரு செயலுக்கு மூன்று நிலை: செய்ய நினைப்பது, அதற்கு ஆயத்தம் செய்வது, செய்யத் தொடங்குவது. அது மனத்தால், வாக்கால், உடலால் என்று மூன்று வழியில் நடக்கும். தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்தவனுக்கு உடன்படுவது என்று இன்னொரு மூன்று. இவற்றைத் தூண்டுவது கோபம், மானம், மாயை, லோபம் என்று நாலு. மூன்றை மூன்றால், மறுபடி மூன்றால், பிறகு நாலால் பெருக்கு. 108. வினை உயிருக்குள் வருகிற வாசல்கள் இத்தனை என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் கணக்கிட்டு வைத்திருக்கிறார். மணியை உருட்டும்போது ஒவ்வொரு வாசலாகச் சாத்துவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி அப்படி நினைக்கிறாளா, பால்காரன் பாக்கியை நினைக்கிறாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

செய்தவனும் செய்யவைத்தவனும் உடன்பட்டவனும் ஒரே கணக்கில் வருகிறார்கள் என்பதைக் கவனி. ஊரில் சில பேர், மருந்தடிக்கிறது பாவம் என்று தாங்கள் தொடமாட்டார்கள், கூலிக்கு ஆள் விட்டு அடிப்பார்கள். நம் சாஸ்திரத்தில் அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. உன் தோழி வீட்டில் சமைக்கிற கடலை எண்ணெய்க்கும் இதே கணக்குதான். சௌராட்டிரத்தில் யாரோ ஒருவன் உழுது விதைத்த கடலை அது. அவன் ஏரை அவன் மட்டும் பிடிக்கவில்லை. தின்கிற எல்லார் கையும் அதில் இருக்கிறது. இதைத் தோழியிடம் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ தெளிவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நம் கொல்லையையே எடுத்துக்கொள். மானாவாரி மல்லாட்டை போட்டவனுக்குக் கம்பளிப்பூச்சி தெரியாமல் இருக்காது. ஆடியில் மழை விழுந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்ததெல்லாம் அந்துப்பூச்சியாகி வெளியே வரும். வெள்ளைச் சிறகு, ஓரத்தில் மஞ்சள் கோடு. கொஞ்ச நாளில் இலையின் அடியில் கொத்துக் கொத்தாக முட்டை. பிறகு செம்பழுப்பு முடியோடு புழு. ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு வரப்பைத் தாண்டி அடுத்த கொல்லைக்குக் கூட்டமாக நடக்கும். அதன் ஓட்டத்தை நீ பார்த்ததில்லை, மண்ணே நகர்கிற மாதிரி இருக்கும். ஊரார் ராத்திரியில் தீ மூட்டி அந்துப்பூச்சியை விழவைப்பார்கள், கொல்லையைச் சுற்றிக் குழி வெட்டிப் புழுவை அதில் தள்ளி மூடுவார்கள். எங்க அப்பா இரண்டும் செய்யமாட்டார். ஓரத்தில் சுற்றிலும் ஆமணக்கும் ஊடே தட்டைப்பயறும் போடுவார். பூச்சி முதலில் அதைத்தான் தேடிப் போகும். "அதுக்கும் ஒரு பங்கு எழுதியாச்சு" என்பார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பார். கசப்புக்கு இலையை விட்டுப் போகட்டும் என்று. பாதி வருஷம் இது போதும். போதாத வருஷமும் உண்டு. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டிலும் மருந்து அடித்தோம். அடித்த அன்று சாயங்காலம் அவர் சாப்பிடமாட்டார். அதனால் செத்த புழு பிழைத்துவிடாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அடித்ததை அவர் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை, வேறு வழியில்லையே என்று வாதாடியதும் இல்லை. உடன்படுதல் என்ற வாசலையாவது சாத்திவைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பொன்னூர் மலை மேல் குந்தகுந்தர் பாதம் பார்த்திருக்கிறாய். ஏலாசாரியார் என்றும் அவரைத்தான் சொல்கிறோம். 1733-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஊர்க் கோயிலிலிருந்து பார்சுவநாதரையும் ஜுவாலாமாலினியையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலாசாரியார் பூசைக்காக அந்த மலைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று ஊர் ஜைனர்கள் வைத்த ஏற்பாட்டைச் சொல்கிறது. அந்த ஊர் ஜைனர்களும் நம்மைப் போல உழுதவர்கள்தான். அந்தக் குந்தகுந்தர் சமயசாரத்தில் ஓர் உவமை சொல்கிறார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு ஒருவன் புழுதிக் களத்தில் இறங்கி ஆயுதப் பயிற்சி செய்கிறான், வாழையையும் மூங்கிலையும் வெட்டிச் சாய்க்கிறான். உடம்பு முழுக்கப் புழுதி. புழுதி ஒட்டியது அவன் கையை வீசியதாலா, வெட்டியதாலா? எண்ணெயால். எண்ணெயைத் துடைத்துவிட்டு அதே களத்தில் அதே பயிற்சியைச் செய்தால் ஒட்டாது. அந்த எண்ணெய்தான் விருப்பும் வெறுப்பும். நம் சமயத்தில் வினை என்பது தலையெழுத்து கிடையாது, நுண்ணிய தூள் போன்ற ஒரு பொருள், உயிரில் வந்து படிகிறது என்று சொல்வோம் அல்லவா, அதை இவ்வளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. கழனியில் புழுதியில்லாமல் இருக்க முடியாது. எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? கவனத்தில் தெரியும். பிரமாதத்தால், அதாவது அசட்டையால், உயிரைப் போக்குவதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிவு. பாட்டியின் மாமியார் தண்ணீர் இறைப்பதை நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவாள். அதோடு வேலை முடியாது. துணியை மெதுவாகக் கவிழ்த்து, வடிகட்டின தண்ணீராலேயே அலசி, அந்த அலசின தண்ணீரை ஒரு சொம்பில் பிடிப்பாள். சொம்பின் வாயில் ஒரு கயிறு, அடியில் இன்னொரு கயிறு. கிணற்றில் நீர்மட்டம் தொடும்வரை இறக்கி, அதன் பிறகே அடிக்கயிற்றை இழுத்துக் கவிழ்ப்பாள். மேலிருந்து ஊற்றினால் விழுகிற வேகத்தில் அதுகள் செத்துப்போகும், வேறு கிணற்றில் விட்டால் அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போகும் என்பாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக இரண்டு கயிறு! போர்வெல் வந்த பிறகு வடிகட்டுகிறோம், திரும்ப விட வழியில்லை. பாட்டிக்கு அது இன்னும் ஒரு குறைதான்.

கிழங்கு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. உருளைக்கிழங்கு தின்னாத நீங்கள் மண்ணுக்குள் காய்க்கிற மல்லாட்டையை மட்டும் எப்படித் தின்கிறீர்கள் என்று மெஸ்ஸில் யாரோ மடக்கினார்களாமே. மண்ணுக்குள் இருப்பது காரணமே இல்லை. கிழங்கு, வெங்காயம், பூண்டு போன்றவற்றில் ஒரே உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு கணக்கற்ற உயிர்கள் இருக்கின்றன என்பது நம் நூல்களின் பார்வை. அனந்தகாயம் என்பார்கள். உருளைக்கிழங்கை எத்தனை துண்டாக வெட்டினாலும் கண் இருக்கிற துண்டெல்லாம் முளைக்கிறது அல்லவா. மல்லாட்டை அப்படி இல்லை, அது காய். பூ மேலே பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிறது. தேனையும் தொடாதே, அது நம் எட்டு மூலகுணத்தில் கள்ளோடும் ஊனோடும் சேர்த்து விலக்கியது. இருமல் மருந்து வாங்கும்போது அட்டையைப் படித்துவிட்டு வாங்கு.

தோழியின் அம்மா பர்யூஷணத்தில் எட்டு நாளும் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் மட்டும் குடித்து இருந்தாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல். அது எளிதல்ல. செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றுக்கு உன்னை ஒருதரம் கூட்டிப்போக வேண்டும். பாறை முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஒரு பாறையில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் அனசனம் நோற்று உடலை விட்ட இடம் என்று பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறது, ஆயிரத்து நானூறு ஆண்டுக்கும் முந்தியது. இன்னொரு பாறையில் 30 நாள் நோற்ற இளையபட்டாரர். இப்படி உண்ணாமல் உடலை விடும் சல்லேகனையைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சொன்னபோது நான் அந்தப் பாறையைத்தான் நினைத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

முனிவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. வட இந்தியா முழுக்க இன்று நடந்து போகிற திகம்பர முனிவர்களில் பெரும்பாலோர் தங்கள் குரு பரம்பரையை ஆசாரியர் சாந்திசாகரரிலிருந்துதான் தொடங்குவார்கள். 1955-இல் குந்தல்கிரியில் சல்லேகனையில் உடலை விட்டவர். தேய்ந்துபோயிருந்த நிர்வாண முனி மரபை இருபதாம் நூற்றாண்டில் எழுப்பியவர் அவர். அவர் பிறந்தது பெல்காம் பக்கத்தில் ஒரு பாட்டீல் வீட்டில், உழவுக் குடும்பம். பையனாக இருந்தபோது கொல்லையில் காவலுக்கு உட்காரவைத்தால் பறவைகளை விரட்டமாட்டாராம், குடிக்கத் தண்ணீரும் வைப்பாராம். கோலாப்பூர், சாங்லி, பெல்காம் பக்கத்து ஜைனர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் கரும்பும் சோளமும் போடுகிறவர்கள்தான். ஆகவே கழனி ஜெயின் நாம் மட்டும் இல்லை.

உன் சங்கடம் ராச்சாப்பாடு. விடுதியில் எட்டு மணிக்குத்தான் மெஸ் திறக்கிறது என்கிறாய். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் வீட்டில் இயல்பாக வந்தது. நாற்று நட்டுவிட்டு வந்தால் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். உன் வகுப்பு ஆறு மணிக்கு முடிகிறது, அங்கே அது இயல்பாக வராது. ஒன்று செய். ஆயுள் முழுக்க ஏற்பதற்கு யமம் என்று பெயர், காலம் குறித்து ஏற்பதற்கு நியமம் என்று பெயர். இரண்டுக்கும் நம் இரத்தினகரண்டகம் என்ற நூலில் இடம் இருக்கிறது. அட்டமி, சதுர்த்தசி மட்டும் என்று வைத்துக்கொள். அல்லது இந்தப் பத்து நாளில் மிச்சமிருப்பது மட்டும். எடுத்ததை முடி, முடிந்ததும் அடுத்ததைப் பார். இரண்டு நாழிகை சாமாயிகத் தியானத்தில் உட்கார முடிந்தால் உட்கார். உங்கள் கணக்கில் நாற்பத்தெட்டு நிமிஷம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

தோழி வீட்டார் பர்யூஷணம் முடித்த கையோடு, பிள்ளையார் சதுர்த்தி ஒட்டி, நமக்குத் தசலட்சணம் ஆரம்பம். முதல் நாள் க்ஷமை, இரண்டாம் நாள் பணிவு, மூன்றாம் நாள் நேர்மை. இன்று சௌசம். காலையில் கோயில் உபாத்தியாயர் சொன்னார், சௌசம் என்றால் குளித்து முழுகுவது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், இது பேராசையைக் கழுவுகிற நாள் என்று. சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை. ஏரிக்கரை ஓரத்து நிலத்தை நான் விலை பேசுவது ஊருக்கே தெரிந்துவிட்டது போல. மீதி ஆறும் உனக்குத் தெரிந்தவைதான்: சத்தியம், சம்யமம், தவம், தியாகம், எனது என்று ஒன்றும் இல்லாமை, பிரம்மசரியம். பத்தாம் நாள் அனந்த சதுர்த்தசி. பௌர்ணமி கழிந்த மறுநாள் க்ஷமாவணி, ஒருவரிடம் ஒருவர் பொறுத்துக்கொள் என்று கேட்கிற நாள்.

தோழி உனக்கு மிச்சாமி துக்கடம் என்று அனுப்பியதற்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டாய். அதே வார்த்தையையே திருப்பி எழுது. நாம் க்ஷமாவணி அன்று சொல்வது வேறு, அவர்கள் சொல்வது வேறு என்று அங்கே பாடம் நடத்தாதே. எல்லாருக்கும் ஒரே படமாக அனுப்புகிறார்களே என்று நீ சலித்துக்கொண்டது சரிதான். உங்க அப்பாவுக்கும் இருநூறு பேரிடமிருந்து வருகிறது, தாமரைப் பூ போட்டு. அதில் அவனோடு பேச்சில்லாத ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டேன், பதிலைக் காணோம். ஆனந்தன் கதையை அவளிடம் சொல்லு, கடிதத்தை அப்படியே நீட்டாதே. வாதத்தில் ஜெயித்துவிட்டு ஒரு சிநேகத்தை விடுவது நஷ்டக் கணக்கு. கூடவே, அவள் பாட்டி அந்தக் கதையை எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுது. நான் அச்சில் படித்ததுதான், அந்த வீட்டில் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

தீபாவளி லீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? அமாவாசை விடியற்காலையில் மகாவீரர் நிர்வாண பூசை, இருட்டோடு கோயிலில் இருக்க வேண்டும். முந்தின ராத்திரியே வந்து சேர்கிற மாதிரி பார். காலைப் பஸ்ஸில் வருகிறேன் என்று இந்த வருஷமும் சொல்லாதே. தோழி வருகிறாள் என்றால் கூட்டி வா. விளக்கு வைப்பதற்குள் சோறு போட்டுவிடுவோம், வெங்காயம் பூண்டு வாசனை இந்த வீட்டுப் பக்கமே வராது, அவளுக்கு ஒரு சிரமமும் இருக்காது. மல்லாட்டை அப்போது பறிப்புக்கு வந்திருக்கும். ஆள் கிடைப்பதுதான் இங்கே பெரும்பாடாக இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் ஆளுக்கு ரெண்டு பாத்தி பறித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
தாத்தா

பாட்டி எழுதச் சொன்னது: எள்ளுருண்டை பார்சல் திங்கட்கிழமை போட்டிருக்கிறது. டப்பா திரும்பி வர வேண்டும்.